அதிமதுரப் பொடியும் பொட்டாசியம் 2.8-ம்: சினைப்பை நீர்க்கட்டிக்கு வீட்டில் கொடுத்த மூலிகைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்ணிடமும் அவர் அம்மாவிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அளவுகளும் மருந்துகளும் நிகழ்ந்த வரிசையும் என் கோப்பில் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

அவருக்கு 27 வயது. பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி 14 மாதம் ஆகியிருந்தது. 19 வயதிலிருந்தே மாதவிலக்கு 60, 70 நாளுக்கு ஒருமுறைதான். முகவாயிலும் தாடையோரத்திலும் முடி வளர்ந்து, வாரம் இருமுறை நூல் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு நீர்க்கட்டி இருக்கு மேடம்" என்றுதான் பேச்சையே தொடங்கினார். கையில் மூன்று பழைய ஸ்கேன் அறிக்கைகள்.

நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 'நீர்க்கட்டி' என்ற சொல்லே பாதி பயத்தைக் கிளப்பிவிடுகிறது. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெடிக்க வேண்டிய சினைமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோனதால் அப்படித் தெரிகின்றன. சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935இல் இந்த நோயை விவரித்தபோது சினைப்பையின் தோற்றத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது இன்சுலினும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோன்களும் சேர்ந்து நிலைகுலையும் கோளாறு. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணம் இல்லையென்றால் அது பி.சி.ஓ.எஸ். (நாம் நீர்க்கட்டி என்று சொல்லும் இதே நோய்) என்பது 2003இல் ரோட்டர்டாமில் வகுத்த வரையறை. 2023 பன்னாட்டு வழிகாட்டுதலும் அதையே அடிப்படையாக வைத்திருக்கிறது. இவருக்கு முதல் இரண்டும் தெளிவாக இருந்ததால் நான்காவது ஸ்கேன் எடுக்கவில்லை.

முதல் நாள் பதிவு: உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ, இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ., ரத்த அழுத்தம் 118/76. தைராய்டும் புரோலாக்டினும் சரியாக இருந்தன. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 78. வெறும் வயிற்றில் சர்க்கரை 98, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 152. அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பொட்டாசியம் 4.3.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றார். அந்த நாளில் அது உண்மைதான்.

முதல் முடிவுகள்

ஒரு வருடம் கழித்துக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் முடி வளர்ச்சியைக் குறைக்கவும் முதலில் தர வேண்டியது கருத்தடை ஹார்மோன் மாத்திரை. அதை அவர் மறுத்துவிட்டார். "அதைச் சாப்பிட்டா பின்னாடி குழந்தையே நிக்காதுன்னு சொல்றாங்க." அப்படி ஆகாது என்று விளக்கினேன். மனம் ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அதனால் மூன்று மருந்துகள் எழுதினேன். இன்சுலின் எதிர்ப்புக்கு மெட்ஃபார்மின், 500 மி.கி.யில் தொடங்கி 1500 வரை. முடி வளர்ச்சிக்கு ஸ்பைரோனோலாக்டோன், 50இல் தொடங்கி 100 மி.கி. கருப்பை உள்வரி தடித்துப்போகாமல் இருக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை. ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும்போது கரு உண்டாகக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் பாலுறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். காப்பர் டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆணுறை போதும் என்றார்கள். அரைமனதோடு ஒப்புக்கொண்டேன். அப்புறம் நடையும் சாப்பாட்டு மாற்றமும். மதியச் சோற்றைப் பாதியாக்கி, பயறும் காய்கறியும் கூட்டச் சொன்னேன்.

ஸ்பைரோனோலாக்டோனைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்தது முழுக்க அதைச் சுற்றித்தான். அது முதலில் ரத்த அழுத்த மருந்து. சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஏற்பி ஒன்று இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் பூட்டு அது. ஸ்பைரோனோலாக்டோன் அந்தப் பூட்டை அடைத்துக்கொள்ளும். ஆண்ட்ரோஜன் ஏற்பியையும் அடைக்கும் என்பதால்தான் முடி வளர்ச்சிக்குக் கொடுக்கிறோம்.

நன்றாகப் போன பத்து மாதங்கள்

நான்காம் மாதம் பொட்டாசியம் 4.3, ரத்த அழுத்தம் 114/74. எட்டாம் மாதம் டெஸ்டோஸ்டிரோன் 52. நூல் போடுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையானது. எடை 63. மாதவிலக்கு 40 நாளுக்குள் தானாகவே வரத் தொடங்கியதால் புரோஜெஸ்டிரோனை நிறுத்தினேன். கோப்பில் 'மருந்துக்கு நல்ல பலன்' என்று எழுதியிருக்கிறேன். பலன் இருந்தது உண்மை. அது முழுக்க என் மருந்தால் வந்தது என்று நினைத்ததுதான் தவறு.

பத்தாம் மாதம், இனி குழந்தைக்கு முயலலாம் என்று வந்தார்கள். ஸ்பைரோனோலாக்டோனை அன்றே நிறுத்தினேன். ஃபோலிக் அமிலம் தொடங்கினேன். மெட்ஃபார்மின் தொடரட்டும், ஒரு மாதவிலக்கு கழியட்டும், அதன்பின் முயலுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்து

முன்பதிவு இல்லாமல் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். ஒரு வாரமாகத் தலை பாரம். பள்ளியில் வகுப்பு இரண்டாம் மாடியில். படி ஏறும்போது தொடை கனத்துப்போய், நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்றார். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. நெஞ்சு சில நேரம் ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடுத்ததை ஓங்கி அடிப்பதுபோல் இருக்கிறது.

ரத்த அழுத்தம் 158/100. இரண்டு கையிலும், பத்து நிமிடம் உட்கார வைத்தும், அதேதான். கர்ப்பப் பரிசோதனை எதிர்மறை. ஈ.சி.ஜி.யில் டி அலைகள் தட்டையாகி, அவற்றுக்குப் பின்னால் சின்னதாக யு அலைகள் தெரிந்தன. பொட்டாசியம் 2.8. பைகார்பனேட் 31. சிறுநீரில் பொட்டாசியம் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுக்கவில்லை.

இளம் வயதில் ரத்த அழுத்தம் உயர்ந்து, கூடவே பொட்டாசியம் குறைந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிதான். ஆல்டோஸ்டிரோனை அளவுமீறிச் சுரக்கும் சிறு கட்டி அங்கே இருக்கலாம். பத்து மாதம் நான் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் அதை மூடி வைத்திருக்கலாம், நிறுத்தியதும் வெளியே வந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அதில் பாதி சரி. ஏதோ ஒன்றை அந்த மாத்திரை மூடித்தான் வைத்திருந்தது.

ஒரு ராத்திரி மருத்துவமனையில் வைத்துக்கொண்டோம். இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி, பொட்டாசியம் குளோரைடு சிரப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம். ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின். ஆல்டோஸ்டிரோனுக்கும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினுக்கும் ரத்தம் அனுப்பினேன். அட்ரினல் சி.டி. ஸ்கேனுக்கும் அடுத்த வாரம் நாள் குறித்தேன். ரத்த முடிவு வரும்வரை அந்த ஸ்கேனுக்கு நாள் குறிக்காமல் இருந்திருக்க வேண்டும். "கட்டியா இருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு அந்தக் குடும்பம் ஆறு நாள் தூங்காமல் இருந்தது.

இரண்டும் குறைவு

ஆறாம் நாள் முடிவு வந்தது. ரெனின் மிகக் குறைவு. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆல்டோஸ்டிரோனும் குறைவு. அட்ரினல் கட்டி என்றால் அது உயர்ந்திருக்க வேண்டும். பூட்டு திறந்துகொண்டே இருக்கிறது, ஆனால் சாவி அங்கே இல்லை. அப்படியென்றால் வேறு ஏதோ சாவியாக வேலை செய்கிறது. இதற்கான காரணப் பட்டியல் சிறியது. சில அரிய பரம்பரைக் கோளாறுகள், கார்ட்டிசோல் என்ற அட்ரினல் ஹார்மோனின் மிகுதி, அப்புறம் அதிமதுரம்.

போனில் கூப்பிட்டேன். இந்த முறை 'மருந்து' என்ற சொல்லையே எடுக்கவில்லை. "காலையில எந்திரிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வாயில போறதை ஒண்ணு விடாம சொல்லும்மா, தண்ணிகூட."

சொல்லிக்கொண்டே வந்தார். வெந்தயத் தண்ணி. அம்மா போட்டுக் கொடுக்கும் பொடி. இட்லி. கணவர் வாங்கித் தந்த கேப்சூல்.

"என்ன பொடிம்மா?"

"நீர்க்கட்டிக்குத்தான் மேடம், அதிமதுரம். மருந்தெல்லாம் இல்ல, இருமலுக்குப் போடுவோம்ல, அதே."

பொடியை அப்போதே நிறுத்தச் சொன்னேன். சி.டி. ஸ்கேனை ரத்து செய்தேன். மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் வரட்டும் என்றேன்.

மஞ்சள் பை

அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜவுளிக்கடை மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எடுத்து வைக்கச் சொன்னதும் முதலில் மகளைப் பார்த்தார். சில வருடங்களுக்கு முன் வேறொரு இடத்தில் கழற்சிக்காய்ப் பொடியைக் காட்டியபோது, மருத்துவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திட்டினாராம். அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடமும் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவு. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மேசையில் ஐந்து பொருள்கள் வந்தன. மூடி கெட்டியான பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெளிர்மஞ்சள் நிற அதிமதுரப் பொடி, உள்ளே ஒரு எவர்சில்வர் ஸ்பூன். வெந்தயப் பொட்டலம். பட்டைப் பொடி. மிளகு சேர்த்து இடித்த கழற்சிக்காய்ப் பொடி. கணவர் இணையத்தில் வாங்கிய பெர்பெரின் கேப்சூல் டப்பா.

அந்த ஸ்பூனாலேயே எப்போதும் எடுப்பதுபோல் ஒரு முறை எடுக்கச் சொல்லி, ஆய்வகத் தராசில் வைத்தேன். குவித்து எடுத்த ஸ்பூன் 4 கிராம் காட்டியது. மூன்றாம் மாதத்திலிருந்து தினம் ஒரு ஸ்பூன் கொதிக்க வைத்து, அடியில் தங்கும் மண்டியோடு குடித்திருக்கிறார். பத்தாம் மாதம் குழந்தைக்கு முயலப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா அதைக் காலை, மாலை என்று இரண்டாக்கியிருக்கிறார். நான் ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தியதும் அதே வாரம்தான்.

அதிமதுர வேரில் கிளைசிரைசின் என்ற சேர்மம் இருக்கிறது. வேருக்கு வேர் அளவு மாறும். 2 முதல் 3 சதவீதம் என்று குறைவாகவே வைத்தாலும், 8 கிராமில் 160 முதல் 240 மி.கி. வந்துவிடும். ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003இல் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சொன்ன உச்சவரம்பு நாளுக்கு 100 மி.கி.

இனி அது செய்வது. நம் உடலில் கார்ட்டிசோல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆல்டோஸ்டிரோனின் பூட்டில் கார்ட்டிசோலும் நன்றாகப் பொருந்தும். அதைத் தடுக்கச் சிறுநீரகத்தில் ஒரு என்சைம் காவலுக்கு நின்று, கார்ட்டிசோலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதிமதுரம் அந்தக் காவல் என்சைமை முடக்குகிறது. உடனே கார்ட்டிசோல் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய் உப்பைத் தேக்குகிறது, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது, சிலருக்கு உடம்பு வீங்கி ரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டு எழுதியிருக்கிறார். இது புதிய செய்தி அல்ல.

ஏழு மாதம் இவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், நான் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் அதே பூட்டை அடைத்து வைத்திருந்தது. என் மருந்தின் நிழலில் பொடி ஒளிந்திருந்தது. பொடி உள்ளே இருப்பது தெரியாமலேயே அந்த நிழலை நானே விலக்கினேன். இத்தாலியில் அர்மானினியின் குழு பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு இந்த இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. ஒன்றின் பக்கவிளைவை மற்றது சமன் செய்தது. அவர்கள் தெரிந்து, அளந்து கொடுத்தார்கள். இங்கே இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா சொன்னதில் இருந்த உண்மை

"அதிமதுரம் அந்த ஆம்பளை ஹார்மோனைக் குறைக்கும்னு கேள்விப்பட்டேன் டாக்டரம்மா. பொய்யா அது?"

பொய் இல்லை. 2004இல் அதே இத்தாலியக் குழு 9 ஆரோக்கியமான பெண்களுக்கு நாளுக்கு 3.5 கிராம் அதிமதுரத் தயாரிப்பைக் கொடுத்தது. டெஸ்டோஸ்டிரோன் சராசரி 27.8இலிருந்து முதல் மாதத்தில் 19க்கும், இரண்டாம் மாதத்தில் 17.5க்கும் இறங்கியது. ஒன்பது பேர்தான், அவர்களுக்குப் பி.சி.ஓ.எஸ்.ஸும் இல்லை. ஆனாலும் வேலை செய்யும் சேர்மம் என்பதில் சந்தேகமில்லை. வேலை செய்கிறது என்பதால்தான் பொட்டாசியத்திலும் கை வைத்தது. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். பையைப் பிடித்திருந்த கை அப்போதுதான் தளர்ந்தது.

கூடவே மெட்ஃபார்மின் கதையையும் சொன்னேன். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. நீரிழிவு அறிகுறிகளுக்கு அங்கே நாட்டு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அதிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சும் அதிகம். அதன் வேதியியல் உறவான மெட்ஃபார்மினை 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். பாரிஸில் ழான் ஸ்டெர்ன் 1957இல் அதை மனிதர்களின் சர்க்கரை நோய்க்குக் கொடுத்து எழுதினார். "நான் கொடுக்கிறதும் ஒரு செடியிலேர்ந்து வந்த வழிதாம்மா. நடுவுல அதை அளந்து, பிரிச்சு, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாதுன்னு பல வருஷம் பாத்திருக்காங்க."

ஒவ்வொன்றாக எடுத்த முடிவு

வெந்தயம் தொடரட்டும் என்றேன். ஊறவைத்த வெந்தயத்தின் கொழகொழப்பான நார் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். இந்தியாவிலேயே 50 பெண்களுக்கு வெந்தயச் சாரத்தை 90 நாள் கொடுத்து, சினைப்பைத் தோற்றம் மேம்பட்டதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாக் குழு அதில் இல்லை, அதனால் அதன் மேல் நான் பெரிய நம்பிக்கை வைப்பதில்லை. ஆனால் சமையல் அளவில் வெந்தயத்தைத் தடுக்கக் காரணமும் இல்லை. சாரமாக, கேப்சூலாக வேண்டாம். கரு தங்கியதும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, தாளிப்போடு விட்டுவிட வேண்டும்.

பட்டைக்கு இன்னும் கொஞ்சம் நல்ல சான்று இருக்கிறது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 45 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்கு நாளுக்கு 1.5 கிராம் பட்டை, மறுபாதிக்குப் போலி மாத்திரை, ஆறு மாதம். பட்டை எடுத்தவர்களுக்கு மாதவிலக்கு அடிக்கடி வந்தது. இன்சுலின் எதிர்ப்பில் மாற்றம் இல்லை. ஆனால் அம்மா கொண்டுவந்த பொடி எந்தப் பட்டை? வீட்டில் மீதியிருந்த துண்டை மகள் போனில் படமெடுத்து வைத்திருந்தார். தடித்த ஒற்றைச் சுருள். காசியா. இலங்கைப் பட்டை என்றால் காகிதம்போல் மெல்லிய அடுக்குகள் சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் அதிகம். நாள்தோறும் ஸ்பூன் கணக்கில் எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு. ஈரல் பரிசோதனை செய்தேன், நல்லவேளையாகச் சரியாக இருந்தது. குழம்பில் போடுவதோடு பட்டை நிற்கட்டும் என்று முடிவு.

கழற்சிக்காய்தான் பேச்சில் கடினமாக இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் நீர்க்கட்டி என்று சொன்னாலே எடுத்துக் கொடுப்பது அதைத்தான். ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. கருத்தரிக்க முயலும் பெண்ணுக்கு, வளரும் கருவை அது என்ன செய்யும் என்ற தரவு இல்லாத விதையைக் கொடுக்க என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிறுத்தச் சொன்னேன். தொடர்ந்து சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், நான் எழுதிய மருந்துச் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன்.

பெர்பெரின் கேப்சூலை அன்றே நிறுத்தினேன். நாளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 500 மி.கி., எட்டு வாரமாக. நம் மரமஞ்சளுக்கு அந்த மஞ்சள் நிறத்தைத் தருவது இந்தச் சேர்மம்தான். பி.சி.ஓ.எஸ்.ஸுக்குச் சொல்லப்படும் தாவரச் சேர்மங்களில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. செல்லுக்குள் மெட்ஃபார்மின் தூண்டும் அதே ஏ.எம்.பி.கே. என்ற ஆற்றல் உணரியைத் தூண்டுகிறது. சீனாவில் 644 பெண்களைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வு முக்கியமானது. சினைமுட்டையை முதிர வைக்கும் மருந்தான லெட்ரோசோல் எடுத்தவர்களில் 36 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22 சதவீதம். இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 34. ஆக, கூடுதலாகச் சேர்த்ததால் குழந்தைப்பேறு கூடவில்லை. அதோடு கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்களைப் பெர்பெரின் தடுக்கும். நான் அப்போது கொடுத்திருந்த நிஃபெடிபினும், பின்னால் கொடுக்க இருந்த லெட்ரோசோலும் அந்த வழியாகச் சிதைபவைதான். பிறக்கும் குழந்தைக்கு மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கக்கூடியது என்ற அச்சமும் உண்டு, காமாலை நிறமியான பிலிருபினை, அதைப் பிடித்து வைத்திருக்கும் ரத்தப் புரதமான அல்புமினிலிருந்து அது தள்ளிவிடுவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

கணவர் ஒரு கேள்வி வைத்திருந்தார். மலேரியா மருந்தால் நீர்க்கட்டி சரியாகிறதாமே? அவர் படித்தது சரியான செய்தி. 2024இல் சயன்ஸ் இதழில் ஷாங்காய் ஆய்வாளர்கள் எழுதியது. ஆர்ட்டிமிசியா செடியிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் குடும்பத்து மருந்து, சினைப்பை ஆண்ட்ரோஜன் தயாரிப்பதன் முதல் படியில் இருக்கும் என்சைமைச் சிதைக்கத் தூண்டுகிறது. 19 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்ததில் 12 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கானது. எனக்கே அதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆண்ட்ரோஜன் உற்பத்தியின் வேரிலேயே கை வைக்கும் வழி அது. ஆனால் 19 பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை. விலங்குகளில் ஆரம்பக் கருவைப் பாதித்த மருந்து வகையும்கூட. குழந்தைக்கு முயல்பவருக்கு இப்போது அது இல்லை என்றேன். புரிந்துகொண்டார்.

அதன் பின்

பொடியை நிறுத்திய மூன்றாம் நாள் பொட்டாசியம் 3.4. இரண்டாம் வாரம், சிரப்பை நிறுத்திய பிறகும், 4.1. கால் இழுப்பு முதலில் போனது. ரத்த அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கியது. இரண்டு வாரத்தில் 132/84, ஆறு வாரத்தில் மாத்திரை இல்லாமல் 118/76. மறுபடி ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் சரியாகியிருக்கும். கரு தங்கும் வாய்ப்பு இருந்ததால் அதைத் தவிர்த்தேன். டெஸ்டோஸ்டிரோன் 52இலிருந்து 60க்கு ஏறியது. பொடி கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்தியிருந்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது.

மூன்று மாதம் ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் நிலையாக இருந்த பிறகு லெட்ரோசோல் தொடங்கினோம். முதல் சுழற்சியில் 2.5 மி.கி.க்கு முட்டை முதிரவில்லை. இரண்டாவதில் 5 மி.கி. கொடுத்தபோது முட்டை வெளிவந்தது, கரு தங்கவில்லை. மூன்றாவதில் தங்கியது. அப்போது எடை 62. மெட்ஃபார்மினை நிறுத்தினோம்.

ஐந்தாம் மாதம் அவருக்குச் சளி, இருமல். அம்மா போன் செய்தார். "டாக்டரம்மா, அதிமதுரம் ஒரு துண்டு வாயில அடக்கிக்கலாமா?" கேட்டாரே என்று மனம் நிறைந்தது. வேண்டாம் என்றேன். ஃபின்லாந்தில் கர்ப்பகாலத்தில் வாரம் 500 மி.கி.க்கு மேல் கிளைசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோது, அறிவுத்திறன் தேர்வில் குறைந்த மதிப்பெண் இருந்தது. தொடர்பு மட்டுமே அது, காரணம் என்று நிறுவியதில்லை. ஒரு துண்டு அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் இவருக்கு ஒருமுறை 2.8 பார்த்திருக்கிறோம். வெந்நீரும் உப்பு நீர்க் கொப்பளிப்பும் போதும் என்று முடிந்தது.

26ஆம் வாரம் சர்க்கரைப் பரிசோதனையில் 148. கர்ப்பகால நீரிழிவு. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். சாப்பாட்டிலும் நடையிலுமே கட்டுக்குள் வந்தது. ரத்த அழுத்தம் கடைசிவரை 120ஐ ஒட்டியே இருந்தது. 38ஆம் வாரம் 2.8 கிலோவில் பெண் குழந்தை.

இனி மாற்றிச் செய்வது

என் கேள்வியை மாற்றிவிட்டேன். "வேற மருந்து?" என்று கேட்பதில்லை. எங்கள் முதல் நாள் படிவத்தில் இப்போது பெயர்களே அச்சாகியிருக்கின்றன: கழற்சிக்காய், மலைவேம்புச் சாறு, அதிமதுரம், சதாவரி, அஸ்வகந்தா, சீந்தில், பெர்பெரின், புதினா டீ, யார் கொடுத்த பொடியானாலும். பெயரைப் பார்த்ததும் பெண்கள் சிரித்துக்கொண்டே டிக் செய்கிறார்கள். நமக்கும் இது தெரியும் என்று ஆன பிறகு மறைக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு வருகையிலும் திரும்பக் கேட்கிறோம். இவர் பொடியைத் தொடங்கியது மூன்றாம் மாதம். முதல் நாள் கேள்வியை எவ்வளவு நன்றாகக் கேட்டிருந்தாலும் அது சிக்கியிருக்காது.

ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தும் எல்லோருக்கும் மூன்றாம் வாரம் ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்க்கிறேன். தொடங்கும்போது பார்க்க வேண்டும் என்று படித்த நமக்கு, நிறுத்தும்போது பார்க்கத் தோன்றுவதில்லை. ரெனின், ஆல்டோஸ்டிரோன் முடிவு கைக்கு வரும்முன் அட்ரினல் ஸ்கேனுக்கு எழுதுவதில்லை.

யாருடைய பொடியையும் இந்த மேசையில் இருந்து குப்பைக்கூடைக்குப் போட மாட்டோம் என்பதும் எங்கள் செவிலியர்களோடு பேசி எடுத்த முடிவு. வேறெங்கோ ஒரு நாள் நடந்த அந்தச் செயல்தான் ஏழு மாதம் ஒரு பாட்டிலை என் கண்ணில் படாமல் வைத்திருந்தது.

பிரசவம் முடிந்து எட்டாவது வாரம் வந்தார்கள். சர்க்கரைப் பரிசோதனை 126, ரத்த அழுத்தம் 116/74. அடுத்த பரிசோதனை ஒரு வருடம் கழித்து. நான் கேட்பதற்கு முன்பே அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பால் ஊற நாட்டு மருந்துக் கடையில் கொடுத்த சதாவரிப் பொடி, தண்ணீர்விட்டான் கிழங்கு. சேர்மானப் பட்டியல் பொட்டலத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து படித்தோம். நான்காவது பெயர் அதிமதுரம். அவரே விரலை வைத்துக் காட்டினார்.